குந்துவீரோ, இருப்பீரோ, நிப்பீரோ

போன சனிக்கிழமை, தக்காளிக்கு ஊன்ற நாலு கம்பு வாங்கலாமென்று ஹாட்வெயார் கடைக்குப் போனேன். கம்பைக் கையில் எடுத்ததும் என்னையறியாமல் ஒரு நுனியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த நுனியைப் பார்த்தேன். லேசான வளைவு. திருப்பி வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். தக்காளிச் செடிக்கு வளைந்த கம்பு போதாதா என்று பிறகுதான் யோசனை வந்தது. பழக்கம் என்னுடையது இல்லை. ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

பதினைந்து வருடத்துக்கு முதல் அதே கடையில் அவர் நாற்பது கம்பை இப்படிப் பார்த்து முப்பத்தேழைத் திருப்பி வைத்தார். கடையில் வேலை செய்த பெண் வந்து ஏதாவது உதவி வேணுமா என்று கேட்டாள். "நோ, தாங்க் யூ. இன்ரவியூ நடக்குது. மூண்டு பேரைத்தான் எடுக்கப் போறன்" என்று முதல் பாதியை ஆங்கிலத்திலும் மிச்சத்தைத் தமிழிலும் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பேர் போட வேண்டாமென்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறா. "பேர் போட்டால் ஆக்கள் ஃபோன் எடுத்து அழுவினம். எனக்குத் தேத்தண்ணி ஊத்த ஏலாது" என்றா. ஆகவே அவர் அண்ணை, அவ அக்கா. என்னைவிட அவருக்கு ஆறு வயதுதான் கூட. ஆனாலும் அண்ணை அண்ணைதான். என்னை அவர் கடைசிவரை 'நீர்' என்றுதான் கூப்பிட்டார். கொஞ்சம் சந்தோசம் என்றால் 'காணும்' என்று ஒன்றைக் கூடச் சேர்ப்பார்.

அண்ணைக்கும் எனக்கும் மெல்பேர்ன் பக்கம் டண்டினோங்கில் ஒரே தொழிற்சாலை. உறையவைத்த மரக்கறியைப் பையில் அடைக்கிற இடம். நான் பைகள் ஓடுகிற பெல்ட்டில் நின்றேன், அவர் மெஷின் திருத்துகிற ஃபிற்றர். ஒரு மோட்டர் சரியில்லை என்று கூப்பிட்டால், மற்றவர்கள் மாதிரிச் சாவியும் குறடும் கொண்டு ஓடி வரமாட்டார். பிளாஸ்ரிக் கோப்பையில் முக்கால்வாசி தண்ணீர் கொண்டு வருவார். அதை மோட்டருக்கு மேலே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பார். தண்ணீரில் விழுகிற வளையத்தைப் பார்த்தே எந்தப் பக்கத்து ஆணி தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவார். பின்னால் நிற்கிற சூப்பவைசர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினாலும் திரும்பமாட்டார்.

"ஆட்டம் நிக்கட்டும்" என்பார்.

இந்த ஒரு வசனத்தை அவர் எங்கேதான் சொல்லவில்லை? தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றார் கூட்டத்தில் இரண்டு பேர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பியபோது சொன்னார். நான் என் மைத்துனனுக்கு ஃபோனில் கத்தப் போனபோது ஃபோனை வாங்கித் தன் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு சொன்னார். கலியாண மண்டபங்களில் அவர் செய்கிற முதல் வேலை, மேசையின் நாலு மூலையையும் உள்ளங்கையால் அமத்திப் பார்ப்பது. ஆடினால் யாருடைய கலியாணம் என்றும் பாராமல் அழைப்பிதழை நாலாக மடித்துக் காலுக்குக் கீழே வைத்துவிடுவார். "நாலு கால் எண்டது பேராசை காணும். மூண்டு கால்தான் எந்தப் பள்ளம் திட்டியிலும் ஆடாமல் நிக்கும்" என்பார்.

அவரை வேட்டைக்குள் இழுத்தது இந்த மூன்று கால்தான். மிருகமோ துவக்கோ இல்லை.

கெவின் எங்கள் தொழிற்சாலையின் ஃபோர்மன். அவனுடைய மச்சானுக்கு மான்ஸ்ஃபீல்ட் தாண்டி மலை அடிவாரத்தில் பண்ணை. ஒரு முறை அங்கே ட்ரக் பழுதாகி நிற்க, பார்க்க அண்ணையைக் கூட்டிப்போனான். ட்ரக்கைத் திருத்திய இடத்தில் கெவினுடைய கவைத்தடி சாத்தியிருந்ததாம். துவக்கைச் சும்மா கையில் பிடித்தால் மூச்சுக்கு மூச்சு குழல் ஆடும். அதை ஊன்றி வைக்கத்தான் அந்தத் தடி. மூன்று காலை விரித்து நிலத்தில் ஊன்றினால் மேலே ஒரு கவை விழும், குழலை அதில் படுக்க வைக்கலாம். கெவின் வைத்திருந்தது கடையில் வாங்கிய அலுமினியத் தடி. அண்ணை அதை விரித்தார், மடக்கினார், திரும்ப விரித்தார்.

"இது சத்தம் போடுது. இரும்பு கதைக்கும் காணும், றப்பர் கதைக்காது. நான் ஒண்டு செய்து தாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தன்."

செய்து கொடுத்தார். மூன்று கம்பு, நுனியிலிருந்து நாலு விரல் விட்டு சைக்கிள் ரியூப்பால் இறுக்கிய கட்டு, கவைக்கு மேலேயும் ரியூப் சுற்று. ஆணி கிடையாது, நட்டு கிடையாது. கம்புக்கு எண்ணெய் பூச வேண்டும் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, குசினியில் இருந்த நல்லெண்ணெயை எடுத்து ஒரு வாரம் தேய்த்திருக்கிறார். கெவின் அதைக் காட்டுக்குக் கொண்டு போனான். மூன்று நாளும் ஒரு மிருகத்தைக் காணவில்லை. திரும்பி வந்து சொன்னான்: "மேட், முழுக் காடும் உன்ர சாப்பாட்டுப் பெட்டி மாதிரி மணக்குது."

அதைவிடப் பெரிய பிழை உயரத்தில். தடியை ஊன்றிய கெவின், அது தன் தொடைக்கே வரவில்லை என்று கண்டான். இது என்ன, என்ர பேரனுக்கோ என்று கேட்டான். அண்ணை தன் உடம்பை வைத்து அளந்திருந்தார். அவருடைய கணக்கில், மறைந்திருக்கிற ஒருவன் நிலத்தில் குந்தித்தான் இருப்பான். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் பட, முழங்கால் இரண்டும் நெஞ்சோடு சேர. அவர் மணிக்கணக்கில் அப்படி இருப்பார், கெவினால் அப்படி ஒரு நிமிடம் இருக்க முடியாது. எங்கே, குந்திக் காட்டு பார்ப்போம் என்று அண்ணை தன் கராஜுக்குள் வைத்துக் கேட்டதற்கு, அந்த ஆறடி இரண்டு அங்குல மனிதன் இரண்டு தரம் முயன்று, மூன்றாம் தரம் பெயின்ற் டின்களோடு சேர்ந்து மல்லாக்க விழுந்தான்.

அன்றைக்குப் பிறகு யார் தடி கேட்டாலும் அண்ணை முதல் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"குந்துவீரோ, இருப்பீரோ, நிப்பீரோ?"

வெள்ளைக்காரரிடம் அதை ஆங்கிலத்தில் கேட்பார். பதில் வந்ததும் ஆளை அப்படியே இருக்கவோ நிற்கவோ வைத்து, தோளிலிருந்து நிலத்துக்கு ஒரு நூலைத் தொங்க விடுவார். கெவினின் கூட்டாளிகள், அவர்களுடைய கூட்டாளிகள் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்காவது செய்து கொடுத்திருப்பார். ஒவ்வொன்றும் அந்த ஆளுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒருவருடையதை மற்றவர் கொண்டுபோனால் அவருக்குப் பிடிக்காது. "அவற்ரை மூக்குக் கண்ணாடியை நீர் போடுவீரோ?" என்று கேட்பார்.

அண்ணையும் அக்காவும் கிளென் வேவர்லியில் இருந்தார்கள். மகளின் பள்ளிக்கூடத்துக்காக எடுத்த சின்ன வீடு, ஒற்றைக் கராஜ். அதற்குள் கார் ஒரு நாளும் போனதில்லை. "ஊரிலை ஆக்கள் காரை உள்ளை விட்டிட்டு விறகை வெளியிலை வைப்பினம். எங்கட வீட்டிலை கார் மழைக்கை நிக்குது, விறகு ஹீற்றர் போட்டுக்கொண்டு உள்ளை இருக்குது" என்று அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவா. அண்ணை மறுத்துப் பேசமாட்டார். "கார் வளையாது, கம்பு வளையும்" என்பார்.

அவரும் லைசென்ஸ் எடுத்துக் கெவினோடு காட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகு, துவக்கு விசயத்தில் அவரைப் பலர் சீண்டியிருக்கிறார்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்துவிட்டு, இங்கே வந்து லைசென்ஸ் எடுத்துத் துவக்குத் தூக்கிறீரோ என்று ஒருவர் பிறந்தநாள் விழாவில் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அண்ணை வடையைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அங்கை அது என்னைப் பாத்தது. இஞ்சை நான் அதுக்குப் பின்னாலை நிக்கிறன். வித்தியாசம் இருக்குத்தானே." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவர் துவக்கால் வெடி வைத்ததும் குறைவு. நான் கூடப்போன காலம் முழுவதிலும் நாலு தரமோ ஐந்து தரமோ. மிருகம் நேரே வந்து நின்றாலும், ஒரே வெடியில் முடிய வேண்டுமென்று அது பக்கவாட்டில் திரும்பும் வரைக்கும் காத்திருப்பார். திரும்பாமல் போய்விட்டால் தடியை மடக்கிக்கொண்டு எழும்பிவிடுவார். "அது திரும்பேல்லை. நாங்கள் என்ன செய்யிறது" என்பார், பஸ் வரவில்லை என்று சொல்வது மாதிரி.

அந்த மலைகளில் திரிவது மரை என்கிற பெரிய மான். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முதல் இலங்கையிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம் என்று கெவின் சொன்னான். அண்ணைக்கு இதில் பெரிய புழுகமும் பெருமையும். "எங்கட ஆள்தான் காணும். எங்களுக்கு முதல் கப்பலிலை வந்து, ஒருத்தரும் ஒண்டும் கேக்காமல் மலை முழுக்கக் குடும்பமாயிட்டுது" என்று காண்கிற தமிழருக்கெல்லாம் சொன்னார். இறைச்சி கிடைத்தால் அக்கா உப்பும் மஞ்சளும் போட்டு வத்தல் போடுவா. அந்த வத்தலுக்காகத்தான் நான் லைசென்ஸ் எடுத்தேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். முழுப் பொய் இல்லை.

லைசென்ஸ் எடுத்த புதிதில் எனக்கும் ஒரு தடி செய்து தருவதாக அண்ணை சொன்னார். "கை நடுங்கினால் பாப்பம் அண்ணை" என்றேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சுடுகிற இடத்தில் பழகும்போது கடதாசி இலக்கின் நடுவில் மூன்று முறை பட்டிருந்தது. அந்த எண்ணம்தான்.

இனிச் சொல்லப்போவதை நான் பத்து வருடமாக யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கெவின் ஒரு பக்கம் போக, நானும் அண்ணையும் ஓடைக்கு மேலே இருந்தோம். அவர் குந்தியிருந்தார், நான் நின்றேன். அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு என் மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி. எழுதிக் கொடுத்தவன் நான். வராமல் விட்டால் அவளும் தாயும் என்னோடு ஒரு மாதத்துக்குப் பேசமாட்டார்கள். மெல்பேர்னுக்கு மூன்று மணித்தியால ஓட்டம். நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

ஏழு மணியளவில் மரை ஒன்று பன்னச் செடிப் பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தது. எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு பாதி சரிவாய் நின்றது. அண்ணை தன் தடியை என் பக்கம் சாய்த்து, குந்தும் என்று கையால் காட்டினார். நான் குந்தவில்லை. நின்றபடி, கையில் பிடித்தபடி வெடி வைத்தேன்.

வெடிச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. ஈரச் சாக்கில் தடியால் அடித்த மாதிரி. மரை பின்னங்காலைத் தூக்கி ஒரு தரம் சறுக்கி, பற்றைக்குள் பாய்ந்தது.

"பட்டதோ?" என்று அண்ணை கேட்டார்.

"இல்லை அண்ணை. மேலாலை போயிட்டுது."

என் முகத்தைப் பார்த்தார். "பிறகொரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது."

"மரத்திலை பட்டிருக்கும். எனக்கு இப்ப வெளிக்கிட வேணும் அண்ணை, பிள்ளையின்ர போட்டி."

ஆட்டம் நிற்கட்டும் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். அவர் தடியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப சரி. போட்டு வாரும்" என்றார். அவ்வளவுதான்.

நான் என் காரில் ஏறி வந்துவிட்டேன். மரம் வளர்ப்பதன் நன்மை பற்றி என் மகள் மூன்று நிமிடம் பேசினாள், ஆறுதல் பரிசு வாங்கினாள். நான் எழும்பி நின்று கைதட்டினேன்.

திங்கட்கிழமை வேலைக்கு அண்ணை வரவில்லை. கெவினும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தபோது அண்ணையின் இரண்டு முன்னங்கையிலும் பிளாக்பெரி முள் கீறிய கோடுகள். மதியச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்து, சேட்டுக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பிட்டார். அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே, காலநிலை எப்படி என்று கேட்டேன். நல்ல காலநிலை என்றார்.

மூன்று கிழமை போனது. ஒரு நாள் வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் என்னை மறித்தார். கையில் நூல்.

"குந்துவீரோ, இருப்பீரோ, நிப்பீரோ?"

"நிப்பன்" என்றேன். தோளிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, முடிச்சுப் போட்டு, பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை தடி வந்தது. மற்றவர்கள் எல்லாருக்கும் கவையில் சைக்கிள் ரியூப். எனக்கு மட்டும் தோல். கபில மயிரோடு, தடவினால் பூனை மாதிரி. ஒருத்தருக்கும் செய்யாததை எனக்குச் செய்திருக்கிறார் என்று எனக்குப் பெரிய பெருமை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். கெவின் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருப்பித் தந்தான். பொறாமை என்று நினைத்தேன்.

பிறகும் எத்தனையோ தரம் ஒன்றாய்ப் போனோம். தடி இல்லாமல் நான் வெடி வைத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில வேளை பக்கத்தில் குந்தியிருந்து, காட்டைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார். அப்போது நான் தேத்தண்ணிப் போத்தலைத் திறப்பேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோதும் அப்படித்தான். நெஞ்சில் வயர்கள். பக்கத்து மெஷினில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "என்ன காணும், இந்த ஆட்டம் மட்டும் நிக்கக் கூடாது" என்றார். நான் கட்டில் கரையில் நின்றேன். "குந்துவீரோ, இருப்பீரோ?" என்று கதிரையைக் காட்டினார். இருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சரிவாய் நிற்கிற மிருகம் திரும்பும் வரைக்கும் பார்க்கிற பார்வை. நான் ட்ராஃபிக்கைப் பற்றிச் சொன்னேன். வேலையிடத்துப் புது மனேஜரைப் பற்றிச் சொன்னேன். பார்க்கிற நேரம் முடிந்தது என்று நேர்ஸ் வந்தா. "போட்டு வாரும்" என்றார்.

போன குளிர்காலத்தில் போய்விட்டார்.

இந்த மார்ச்சில் அக்கா கராஜை ஒதுக்கக் கூப்பிட்டா. மகளோடு சிட்னியில் போய் இருக்கப் போகிறா. கம்புகளைக் கட்டுக் கட்டாய்க் கட்டினோம். சுவரில் ஒரு ஆணியில் நூல்கள் தொங்கின, ஒவ்வொன்றிலும் முடிச்சு, ஒவ்வொன்றிலும் ஒரு பேர் எழுதிய துண்டு. என்னுடையதும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அக்கா, ஒருக்கா ஒரு திங்கட்கிழமை அண்ணை வேலைக்கு வரேல்லை. மான்ஸ்ஃபீல்டிலை நிண்டவர். அண்டைக்கு அந்த மரை…"

அக்கா கூட்டுமாறை சுவரில் சாத்திவிட்டு நிமிர்ந்தா.

"இப்பதான் கேக்கிறீர்" என்றா.

"கிடைச்சதோ அக்கா?"

"ஓம். அடுத்த நாள் மத்தியானம். ஓடைக்குக் கீழை, முள்ளுப் பத்தைக்குள்ளை. இவரும் கெவினும் கையாலையும் முழங்காலாலையும் தவண்டு போனவையாம்."

"உயிரோடையோ?"

"ஓம்" என்றா. "இவர்தான் முடிச்சு வைச்சவர். இறைச்சி ஒண்டும் எடுக்கேல்லை. ஒரு துண்டுத் தோல் மட்டும் கொண்டு வந்து, இந்த இடத்திலைதான் உப்புப் போட்டுக் காய விட்டவர். நாத்தம் தாங்கேலாமல் நான் சண்டை பிடிச்சனான். உம்மட தடியிலை சுத்தினது அதுதானே. தெரியாதோ?"

நான் நூலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் அக்கா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"நானும் கேட்டனான். அந்தாள் தானாய்க் கேட்டால் சொல்லுவன் எண்டவர். ஒவ்வொரு முறையும் உம்மோடை போட்டு வந்து சப்பாத்தைக் கழட்டேக்கை, கேட்டவரோ எண்டு நான் கேப்பன். தலையை ஆட்டுவார்." அக்கா கூட்டுமாறைத் திரும்ப எடுத்தா. "இல்லையப்பா, அந்தாளுக்கு இன்னும் ஆட்டம் நிக்கேல்லை எண்டு சொல்லுவார்."

தேத்தண்ணி ஊற்றட்டோ என்று கேட்டா. ஓம் என்றேன். அவ உள்ளே போன பிறகு காரைத் திறந்து என் தடியை எடுத்து வந்து, வெறுமையாய்க் கிடந்த கராஜின் நடுவில் மூன்று காலையும் விரித்து ஊன்றினேன். நிற்கிற ஆளுக்கு அளந்த தடி. அதற்குக் கீழே, பாதம் இரண்டும் நிலத்தில் பட, அண்ணை இருப்பது மாதிரிக் குந்தினேன். முழங்கால் இரண்டும் கத்தின. கையைத் தூக்கிக் கவையில் இருந்த தோலைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கோப்பையோடு வந்து, ஏன் கீழே இருக்கிறீர், உள்ளே கதிரை இருக்குது என்றா.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்றேன்.